முழங்காலில் கோத்த நீரை ஊசி போட்டு எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். ஏழு வாரத்துக்கு முன் மதுரையில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். புண் நன்றாக ஆறிவிட்டது. ஐந்தாம் வாரம், நன்றாக நடக்கிறோமே என்று மகளோடு குன்றக்குடிக்குப் போய்ப் படியேறிச் சாமி கும்பிட்டு வந்தேன். அதிலிருந்து முழங்கால் சில்லுக்கு மேலே வீங்கி, அமுக்கினால் நீர் தளும்புகிறது. காலையில் குறைவு, சாயங்காலம் அதிகம். காய்ச்சல் இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். நீர் சேரக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டேன். இங்கே ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாம் என்கிறார்கள். சம்பந்தி வீட்டிலோ மூலிகை எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டால் வற்றிவிடும் என்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்காக நாளெல்லாம் முகப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குள் நடமாட்டத்துக்கும் குறைவில்லை. இடது காலிலும் சாயங்காலம் செருப்பு இறுக்குகிறது. நான் என்ன செய்ய வேண்டும்? பிள்ளையார் நோன்புக்குத் தரையில் உட்காரலாமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா? இடது முழங்காலை எப்போது செய்துகொள்ளலாம்?

பதில்:

ஆச்சிக்கு வணக்கம்.

கிளினிக் ஊசிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் யாராவது சிரிஞ்சை எடுத்துவிடக் கூடாது. வேண்டாம். தேய்ந்த பழைய முழங்காலில் நீர் கோத்தால் கிளினிக்கிலேயே உறிஞ்சி எடுப்பது உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். ஆனால் இப்போது உங்கள் முழங்காலுக்குள் இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். அவற்றில் ரத்த ஓட்டம் கிடையாது. தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளில் ஒருசில ஊசி முனையோடு உள்ளே போனால்கூட உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மாத்திரையாலும் ஊசி மருந்தாலும் மட்டும் ஒழிப்பது மிகக் கடினம். நீரை எடுத்த கையோடு ஸ்டீராய்டு ஊசியும் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு இன்னும் அழுத்தமாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செயற்கை மூட்டில் ஊசி போடவே கூடாது என்பதல்ல. போடுவதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு: அது என்ன நீர் என்று தெரிந்துகொள்வது. அதை ஆபரேஷன் தியேட்டருக்கு உரிய சுத்தத்தோடு, உங்களுக்கு அறுவை செய்தவரோ அவரைப் போன்ற மூட்டு அறுவை நிபுணரோதான் செய்ய வேண்டும். வீக்கத்தை வடிப்பதற்காக மட்டும் எடுத்தால், காரணம் அப்படியே இருப்பதால் சில நாளில் மறுபடியும் சேர்ந்துவிடும். ஊசியின் ஆபத்துதான் மிச்சம்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அறுவையில் தேய்ந்த குருத்தெலும்பையும் எலும்பு முனைகளில் ஒரு சென்டிமீட்டர் அளவையும்தான் சீவி எடுக்கிறார்கள். மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு பெரும்பாலும் உங்களுடையதேதான். வழுவழுப்பான நீரைச் சுரப்பதும் திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் அதன் வேலை. நோயில்லாத முழங்காலில் இருப்பது சில மில்லிதான். அறுவையால் எரிச்சல்பட்ட சவ்வு அதிகமாகச் சுரக்கும், உறிஞ்சுவதில் பின்தங்கும். மூட்டுப் பை சில்லுக்கு மேலே மூன்று நான்கு விரல் அகலம்வரை போகிறது என்பதால்தான் வீக்கம் அங்கே தெரிகிறது. முதல் மூன்று மாதம் ஓரளவு வீக்கமும் சூடும் எல்லோருக்கும் இருக்கும். கொஞ்சம் வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இழுக்கும். ஆகவே ஏழாம் வாரத்தில் நீர் இருப்பதே தவறில்லை. குறைந்துகொண்டு வந்தது மறுபடியும் ஏறியதைத்தான் கவனிக்க வேண்டும்.

அது ஏறியதற்குக் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படியேறும்போது முழங்காலில் விழும் பாரம் உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இறங்கும்போது அதைவிடக் குறைவில்லை. ஐந்தாம் வாரத்தில் தொடையின் முன்தசை பழைய பலத்தில் பாதியைக்கூட எட்டியிருக்காது. தசை தாங்க வேண்டிய அதிர்ச்சியைச் சவ்வு வாங்கிக்கொண்டது. ஆறுமுகன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், கூட வந்த மகளைத்தான் கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு சுழலும் இருக்கிறது. மூட்டில் நீர் சேர்ந்தால், நரம்புகள் தொடைத் தசைக்குப் போகும் உத்தரவைத் தாமாகவே மட்டுப்படுத்திவிடும். எந்தக் குறையும் இல்லாதவர்களின் முழங்காலில் 20, 30 மில்லி உப்புநீரைச் செலுத்திப் பார்த்த சோதனைகளிலேயே தொடையின் உட்பக்கத் தசை சோர்ந்துபோனது. வலிகூட இல்லாமல் இது நடக்கும். நீர் இருப்பதால் தசை தூங்கும், தசை தூங்குவதால் மூட்டு அதிர்ச்சி வாங்கும், அதனால் மேலும் நீர். இந்தச் சுழலை அறுப்பதுதான் சிகிச்சை.

ஆனால் அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாக ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தரும் வரி அது ஒன்றுதான். கிருமி இல்லையென்றால் அந்த மாத்திரையால் பயன் இல்லை. கிருமி இருந்தாலோ, மூன்று நாள் மாத்திரை அதைக் கொல்லாது, மறைத்துவைக்கும். பிறகு நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் கிருமி வளராமல் போகலாம், எல்லாம் சரியாக இருப்பதுபோல் அறிக்கை வரலாம். அதனால்தான் அவசரம் இல்லாத நேரத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி இரண்டு வாரமாவது கழித்து நீர் எடுக்கச் சொல்கிறோம். இனி மாத்திரையைத் தொடாதீர்கள். சாப்பிட்டதன் பெயர், நாள், எத்தனை மாத்திரை என்பதை ஒரு தாளில் எழுதி, காலி அட்டையோடு மதுரை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். கோபித்துக்கொள்வார் என்று மறைக்க வேண்டாம்.

அவர் முதலில், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளைச் செய்வார். சி.ஆர்.பி. அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். ஏழாம் வாரத்தில் அது உயர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும். ஈ.எஸ்.ஆர். மெதுவாக இறங்கும், அது மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதென்று பதற வேண்டாம். சந்தேகம் வலுத்தால்தான் ஊசி. எடுத்த நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் எரிச்சல்தான். சிவப்பாக இருந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. கலங்கியிருந்தால் கிருமியின்மேல் சந்தேகம். கண்ணால் பார்த்து முடிவு செய்துவிட மாட்டார்கள். வெள்ளணுக்களை எண்ணுவார்கள், கிருமி வளர்கிறதா என்று இரண்டு வாரம்வரை வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். உள்கசிவுக்கு அது காரணமாகலாம் என்றாலும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

இவ்வளவு சொல்வதால் உங்களுக்குக் கிருமித் தொற்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் அது வருகிறது. காய்ச்சல் இல்லாததும், புண் உலர்ந்திருப்பதும், காலையில் வீக்கம் குறைவதும் உங்களுக்குச் சாதகமானவை. ஆனால் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குக் காய்ச்சலே வராமலும் தொற்று வரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றிக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் விட்டால் மூட்டையே கழற்ற நேரும். ஒரு தடவை மதுரைக்குப் போய்வரும் சிரமம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. தழும்பிலிருந்து நீரோ சீழோ கசிந்தால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ஒரே நாளில் முழங்கால் கல்லாக இறுகி வலி தாங்க முடியாமல் போனால் அன்றே போங்கள். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை காலைப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ மகனுக்குப் போன் செய்து யோசனை கேட்காமல் 108-ஐ அழையுங்கள்.

இனி வீட்டு வைத்தியம். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் நம் பக்கத்து வீடுகளைத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில், முகப்பிலிருந்து நடுமுற்றம் உள்ள வளவைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டைக் கடந்து குளியலறைக்குப் போய்வருவதே ஒரு நடைப்பயிற்சி. வழியில் ஒவ்வொரு நிலைப்படியையும் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடமாட்டத்துக்குக் குறைவில்லை என்று நீங்கள் பெருமையாக எழுதியிருப்பது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை. அதைவிடக் கெடுதல், நடுவில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு முகப்பில் உட்கார்ந்திருப்பது. தொங்கும் காலில் நீர் இறங்கித் தங்கும், கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அது மேலேறும். பார்க்க வருகிறவர்கள் அன்போடு வருகிறார்கள், சரி. இரண்டு மாதத்துக்கு அவர்கள் உங்கள் கட்டில் பக்கம் வந்து உட்காரட்டும்.

கட்டிலைக் குளியலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கு நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து முதல் பத்து நிமிடம் சமதரையில் நடந்தால் போதும். அடுத்த இரண்டு வாரம் படி வேண்டாம். கைத்தடியை இடது கையில் பிடியுங்கள். வலது முழங்காலின் பாரத்தைக் குறைக்க எதிர்ப்பக்கத்துக் கைதான் உதவும். ஆத்தங்குடிக் கல் தரை ஈரமானால் வழுக்கும், முற்றத்தில் தண்ணீர் தெளித்த நேரத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அரை மணி நேரம் மல்லாந்து படுத்து, குதிகால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கும்படி தலையணைகளை அடுக்குங்கள். தலையணை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் இருக்க வேண்டும், முழங்காலுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். அங்கே வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் மடங்கியே பழகும் முழங்கால் பிறகு முழுதாக நீளாது, நடை நொண்டும். அந்த அரை மணியில் சும்மா படுக்காமல் பாதத்தை மேலும் கீழும் நிதானமாக அசையுங்கள், முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை தொடைத் தசையை இறுக்கி விடுங்கள். தூங்கும் தசையை எழுப்பும் பயிற்சி இதுதான். எல்லாவற்றிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஐஸ் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு நான்கு தடவை, துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப் போயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அறுவையில் அங்கே போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவது தவிர்க்க முடியாதது. மரத்த தோலில் ஐஸ் புண்ணாக்குவதும் தெரியாது, சூடு சுடுவதும் தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் தவிட்டு ஒத்தடமும் இப்போது வேண்டவே வேண்டாம். கிரேப் பேண்டேஜ் கட்டினால் கால்விரலின் அடியிலிருந்து தொடை நடுவரை மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். முழங்காலை மட்டும் இறுக்கினால் கீழே கால் வீங்கும். இரவில் அவிழ்த்துவிடலாம். சர்க்கரையால் பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

தையல்காரர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்துச் சுற்றளவைக் காலை எழுந்ததும் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை அளந்து எழுதிவையுங்கள். இரவு ஏறியது காலையில் இறங்கிவிட்டால் அன்றைய உழைப்புக் கூடிவிட்டது என்று பொருள், மறுநாள் நடையைக் குறைத்தால் சரியாகிவிடும். காலை அளவே நாளுக்கு நாள் ஏறினால் மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் பேச்சைவிட இந்தத் தாள் அவருக்கு அதிகம் சொல்லும்.

இடது செருப்பு இறுக்குவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அறுவை நடக்காத காலும் வீங்குகிறதென்றால் அதற்கு முழங்கால் காரணமாக இருக்க முடியாது. ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா என்று அட்டையைப் பாருங்கள். இரண்டு கணுக்காலையும் வீங்கவைப்பதில் அது பெயர் பெற்றது. அறுவைக்குப் பிறகு நரம்பு வலிக்கென்று கொடுக்கும் பிரிகாபாலினும் அப்படித்தான். வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் படுத்தி உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாமல் உங்கள் பொது மருத்துவரிடம் எல்லா அட்டைகளையும் கொண்டுபோய், சிறுநீரகம், இதயம், ரத்தத்தில் புரதம் மூன்றையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் நீர் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். அது முழங்காலுக்குள் இருக்கும் நீரைத் தொடாது.

குடிக்கும் தண்ணீரைக் குறைத்ததும் அதேபோலத்தான். மூட்டில் நீர் சுரப்பது சவ்வின் எரிச்சலால். சொம்புத் தண்ணீரால் அல்ல. தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வலி மாத்திரையும் சாப்பிட்டால் சிறுநீரகம்தான் அவதிப்படும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் தவிர, தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள். மீனும் கத்தரிக்காயும் சீழ் வைக்கும் என்று பத்தியம் சொல்லியிருப்பார்கள். அதுவும் வேண்டாம். முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாம் புண் ஆறவும் தசை வளரவும் தேவை. ஊறுகாய், அப்பளம், வற்றலை மட்டும் ரத்த அழுத்தத்துக்காகக் குறையுங்கள். கவுனி அரிசி இனிப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, உங்கள் சர்க்கரை அளவு சொல்லும்.

சம்பந்தி வீட்டாரின் எண்ணெய்க் கட்டுக்கு மரியாதையாகவே மறுப்புச் சொல்லுங்கள். ஆறிய தழும்பில் தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் மெதுவாகத் தடவுவதில் தவறில்லை. மூலிகை எண்ணெயை அழுத்தித் தேய்த்தால் சவ்வின் எரிச்சல் கூடும், மரத்த தோல் கொப்புளித்தால் கிருமிக்கு வழி திறக்கும். மட்டை வைத்துக் கட்டினால் இன்னும் மோசம். முதல் மூன்று மாதத்தில் அசையாமல் கட்டிவைத்த முழங்கால் உள்ளே தழும்பேறி இறுகிவிடும், பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும். உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இப்போது 90 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லையென்றால் நீரைவிட அதுதான் அவசரம், பிசியோதெரபிஸ்டை உடனே வரவழையுங்கள்.

நோன்புக்குத் தரையில் உட்கார வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, திரியிட்டு ஏற்றிய மாவான இழையை எடுத்துக்கொண்டால் பிள்ளையார் ஒன்றும் சொல்ல மாட்டார். பழனிக்கு இந்த வருடம் காரில் போங்கள். தைப்பூசத்தின்போது உங்களுக்கு நான்கு மாதம்கூட முடிந்திருக்காது. நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் இப்போது சேர்ந்திருப்பதைப்போல் இரண்டு பங்கு நீரோடு திரும்புவீர்கள். வழியில் அன்னதானம் நடக்கும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுங்கள். கொஞ்சத்துக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்கவும் மறக்க வேண்டாம்.

இடது முழங்காலுக்கு இப்போது தேதி கேட்காதீர்கள். அதைச் செய்துகொண்டால் வலது கால்தான் உங்கள் முழு பாரத்தையும் தாங்க வேண்டும். இந்த வீக்கம் அடங்கி, தடியில்லாமல் நடந்து, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிற வரை பொறுங்கள். எல்லாம் ஒழுங்காகப் போனாலும் முதல் அறுவையிலிருந்து மூன்று மாதமாவது ஆகும், உங்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (எச்.பி.ஏ.1.சி.) 7.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் அதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள்.